சாதுப் பேய்க்கு ஒரு முரட்டுக் குடும்பம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறோம். இந்த மாதம் ஐந்து பக்கத்தில் ஒரு பேய்ப் படக்கதை போட்டோம். புளியமரத்துப் பேய், யாரையும் பயமுறுத்தாது. கிழவிக்குச் சுள்ளி பொறுக்கிக் கொடுக்கும், தொலைந்த ஆட்டைத் தேடிக் கொடுக்கும், கடைசியில் ஊரே கைதட்டும். படித்துவிட்டு, "மிஸ், இது நீதிபோதனை பீரியட் மாதிரி இருக்கு" என்றார்கள். 'காஸ்பர்' என்கிற அமெரிக்கச் சாதுப் பேயின் கதைகளும் இப்படித்தானே? அவை மட்டும் எப்படி அத்தனை வருடம் ஓடின? காஸ்பர் செத்துப்போன குழந்தையா என்று ஒரு பையன் கேட்டான், பதில் சொல்லத் தெரியவில்லை. ஜெராக்ஸ் எடுத்தால் பேய் பாதி காணாமல் போகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள். அடுத்த இதழில் காஸ்பர் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

ஆர்., மன்னார்குடி

அன்புள்ள ஆர்.,

பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கதையில் அந்தப் பேயை "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று அதட்ட ஒரு ஆள்கூட இல்லை. கிழவிக்கு உதவியதால் அதற்கு எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டமில்லாத நல்ல குணத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும்.

காஸ்பரின் முதல் கார்ட்டூன் படம் 1945 நவம்பரில் வந்தது. செய்மூர் ரைட், ஜோ ஓரியோலோ இருவரின் கற்பனை, தயாரித்தது ஃபேமஸ் ஸ்டூடியோஸ். அதில் மற்றப் பேய்களெல்லாம் ராத்திரியானால் ஊரைப் பயமுறுத்தக் கிளம்பும். பேய்களின் கணக்கில் அதுதான் ஒழுங்கான வேலை. போகமாட்டேன் என்று வீட்டில் தங்குகிற காஸ்பர்தான் அங்கே உருப்படாத பிள்ளை. சிநேகிதம் தேடி வெளியே போனால் கோழிகூட அலறிக்கொண்டு ஓடுகிறது. வீட்டில் வசவு, வெளியே ஓட்டம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால்தான் அதன் நல்ல குணத்துக்கு ஒரு கனம் வருகிறது.

அந்தப் படத்தின் முடிவைக் கவனியுங்கள். இரண்டு குழந்தைகள் காஸ்பரைப் பயப்படாமல் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். அம்மா பயந்துபோய் அதைத் துரத்திவிடுகிறாள். அந்த நேரம் வீட்டை ஜப்தி செய்ய ஒருவன் வருகிறான், கதவருகே காஸ்பரைப் பார்க்கிறான், வீடே வேண்டாம் என்று ஓடுகிறான். காஸ்பர் அவனைப் பயமுறுத்தவில்லை, நின்றது மட்டும்தான். அத்தனை நேரம் அதை அழவைத்த அதே தோற்றம் கடைசியில் வீட்டைக் காப்பாற்றுகிறது. காஸ்பர் திருந்தவும் இல்லை, ஊருக்குப் புத்திமதி சொல்லவும் இல்லை. உங்கள் கதைக்கு வேண்டியது இந்தத் திருப்பம்.

காமிக்ஸ் புத்தகமாகக் காஸ்பர் 1949இல் செயின்ட் ஜான் நிறுவனத்திடம் தொடங்கி, 1952இல் ஹார்வி காமிக்ஸுக்கு வந்தது. ஹார்வியில்தான் துணைப் பாத்திரங்கள் பெருகின. ஒரே வீட்டில் மூன்று முரட்டுப் பேய்கள், பயமுறுத்துவதே பிழைப்பாகக் கொண்ட ஸ்பூக்கி என்கிற குட்டிப் பேய், நைட்மேர் என்கிற பேய்க்குதிரை, 1954இல் வெண்டி என்கிற நல்ல சூனியக்காரிச் சிறுமி. இவர்கள் யாரும் சும்மா கூட்டத்துக்கு வந்தவர்கள் இல்லை. காஸ்பர் மட்டும் இருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே கதை நின்றுவிடும். சாது ஒருவன் இருந்தால் அவனை நகர்த்த மூன்று முரடர்களாவது வேண்டும், ஹார்வியின் கணக்கு அது. கதைகள் பெரும்பாலும் ஐந்தைந்து பக்கம், பக்கத்துக்கு ஆறிலிருந்து எட்டுக் கட்டம். நீங்கள் எடுத்துக்கொண்ட அளவு சரியானதுதான், ஆட்கள்தான் போதவில்லை.

ஸ்பூக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் பேசுவது நியூயார்க் புரூக்ளின் தெருக் கொச்சை. தமிழில் அவனைக் கொண்டுவந்தால் மெட்ராஸ் பாஷை தவிர வேறெதுவும் பொருந்தாது. உங்கள் புளியமரத்தில் அப்படி ஒரு வாயாடிப் பேயை உட்கார வையுங்கள், பாதிக் கதை தானாக எழுதிக்கொள்ளும்.

உண்மையைச் சொன்னால், ஹார்வியின் காஸ்பர் கதைகள் எல்லாமே நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நூற்றுக்கணக்கில் வந்தவை, பார்த்தவன் தலைதெறிக்க ஓடுகிற அதே காட்சி திரும்பத் திரும்ப வரும். இந்த வகையில் உச்சம் என்று நான் சொல்வது ஜான் ஸ்டான்லி எழுதி வரைந்த 'மெல்வின் மான்ஸ்டர்'. டெல் நிறுவனம் 1965இலிருந்து 1969 வரை பத்தே இதழ்கள் போட்டது. மெல்வின் பச்சை நிறத்து அரக்கக் குட்டி. அப்பா பெயர் 'பேடி', டாடியையும் கெட்டவனையும் சேர்த்த பெயர். அம்மா உடம்பெல்லாம் துணி சுற்றிய எகிப்தியப் பிணம், ஆகவே 'மம்மி'. இந்தச் சிலேடை தமிழில் அப்படியே நிற்கும், மொழிபெயர்க்கவே வேண்டாம். வீட்டில் வளர்க்கும் முதலை கிளியோபாட்ரா எந்நேரமும் மெல்வினைத் தின்னப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மெல்வினுக்கு நல்ல பிள்ளையாக இருக்க ஆசை, பள்ளிக்கூடம் போக ஆசை. அப்பாவுக்கு அது மானக்கேடு. "கெட்ட பிள்ளையாக இரு" என்று அப்பா சொல்கிறார், மெல்வின் நல்லவனாக நடந்து அப்பா பேச்சை மீறுகிறான். அப்படியானால் அவன் நல்ல பிள்ளையா, கெட்ட பிள்ளையா? ஸ்டான்லி இதற்குப் பதிலே சொல்வதில்லை, அந்த முடிச்சை இறுக்கிக்கொண்டே போவார். பத்து வயதுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தினமும் வீட்டில் இருக்கும் சிக்கல்தான் இது, தலைகீழாகப் போட்டிருக்கிறது. நீதிபோதனை வாடை துளியும் வராது.

பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பழைய கார்ட்டூன் படங்களைப் பார்த்தால் ஆமாம் என்றுதான் சொல்லத் தோன்றும். 1948இல் வந்த இரண்டாவது படத்தில் காஸ்பர் கல்லறையருகே இருக்கும். அதனோடு பழகும் குட்டி நரி வேட்டையில் செத்துப் பேயாகத் திரும்பி வரும். முதல் படத்திலேயே காஸ்பர் மனம் வெறுத்துத் தண்டவாளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும் காட்சி உண்டு. வகுப்பில் போட்டுக் காட்டுவதாக இருந்தால் இரண்டையும் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். ஹார்வி காமிக்ஸ் இந்தப் பக்கமே போகவில்லை. அங்கே பேய் என்பது ஓர் இனம். மந்திரக் காட்டில் சூனியக்காரிகள் ஒரு பக்கம், பேய்கள் ஒரு பக்கம் குடும்பம் நடத்துவார்கள். யார் எப்போது செத்தார் என்ற பேச்சே கிடையாது. ஆகவே அந்தப் பையனிடம், "சினிமாவில் செத்தது மாதிரி இருக்கும், புத்தகத்தில் பேயாகவே பிறந்தது" என்று சொல்லலாம், தப்பில்லை.

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதையும் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் ஹார்வி கோரமான திகில் காமிக்ஸும் போட்டுக்கொண்டிருந்தது. அவற்றுக்கு ஆசிரியராக இருந்த சிட் ஜேக்கப்சனும் அட்டைகளுக்கு வடிவம் தந்த வாரன் கிரெமரும்தான் குழந்தைகள் வரிசையிலும் முக்கியமான கைகள். 1954இல் அமெரிக்க செனட் குழு காமிக்ஸ் நிறுவனங்களை விசாரித்தது. அதே வருடம் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். எழுந்து நடக்கும் பிணம், சித்திரவதை, ரத்தக்காட்டேரி, பிணந்தின்னி, நரமாமிசம், ஓநாய் மனிதன் எல்லாம் கூடாது. தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களே வரக்கூடாது. இந்தப் பட்டியலில் மூன்று பேர் இல்லை என்பதைப் பாருங்கள்: பேய், சூனியக்காரி, குட்டிச்சாத்தான். ஹார்வியின் கையில் ஏற்கெனவே காஸ்பரும் வெண்டியும் இருந்தார்கள். 1957இல் கிரெமர் 'ஹாட் ஸ்டஃப்' என்கிற சிவப்புக் குட்டிச்சாத்தானைக் கொண்டுவந்தார். அவன் இடுப்பில் கட்டியிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கோவணம், உடம்புச் சூட்டில் வேறு துணி நிற்காதே! காஸ்பரிடம் பிணவாடை கொஞ்சம்கூட இல்லாமல் போனதற்கு இந்த விதிகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மெல்வினின் அம்மா நடமாடும் பிணமாக இருக்க முடிந்ததும் டெல் அந்தத் தணிக்கையில் சேராததால்தான்.

இனி உங்கள் ஐந்து பக்கம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பார்கள், உங்கள் கதையில் மரம் இருக்கிறது, குடும்பத்தைக் காணோம். முதல் பக்கத்தில் குடும்பத்தைக் காட்டுங்கள். பாட்டிப் பேய் கட்டளை போடட்டும்: விடிவதற்குள் ஒரு அலறலாவது வாங்கிவா, இல்லாவிட்டால் மரத்தில் இடமில்லை. இரண்டாம் பக்கத்தில் குட்டிப் பேய் கிழவியிடம் போகிறது, அவளுக்குக் கண் மங்கல், "யாரு பேராண்டியா? அந்தச் சுள்ளியக் கொஞ்சம் எடுத்துக் குடு" என்கிறாள். மூன்றாம் பக்கம் முழுக்க வேலை செய்துகொண்டே பயமுறுத்தப் பார்ப்பது, ஒவ்வொரு முயற்சியும் உதவியாகவே முடிவது. நான்கில் மரத்துப் பேய்கள் வேவு பார்க்க வந்துவிடுகின்றன. ஐந்தில் ஆட்டைத் திருட வந்தவன் குட்டிப் பேயைப் பார்த்து அலறுகிறான், கேட்ட அலறல் கிடைத்துவிட்டது, பாட்டிக்குப் பரம சந்தோஷம். ஊர் கைதட்டும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அலறல் முழுக் கதையிலும் ஒரே ஒருமுறைதான் வரவேண்டும், "பே... பே... பேய்!" என்று. நம் மொழியில் திக்கினாலே 'பே பே' என்றுதான் வரும், அந்த வசதியை நான்கு முறை பயன்படுத்தி வீணாக்காதீர்கள்.

ஜெராக்ஸ் விஷயம். காஸ்பரின் வெள்ளை என்பது மையே படாத வெறும் காகிதம். அக்கால அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றுக்கும் கால், அரை, முழு என்று மூன்று அழுத்தம்தான், எதையும் போடாமல் விடுவதையும் சேர்த்தால் மொத்தம் 64 சேர்க்கை. காஸ்பருக்கு அதில் ஒன்றும் தேவையில்லை. அதனால் உருவத்தை நிறுத்த இரண்டு வேலை செய்தார்கள்: வெளிக்கோட்டைத் தடிமனாகப் போட்டார்கள், பின்னணிக்கு நிறம் கொடுத்தார்கள். நீங்கள் ஒரே தடிமனில் எல்லாவற்றையும் வரைந்து பின்னணியை வெள்ளையாக விட்டிருப்பீர்கள். பென்சில் நிழலும் போட்டிருந்தால் அதை மெஷின் தின்றுவிடும்.

ஏ4 தாளில் வரைந்து ஏ5க்குச் சுருக்குங்கள், 71 சதவீதம். பேயின் வெளிக்கோட்டுக்கு 0.8 மி.மீ. பேனா, மரம் வீடு வகையறாவுக்கு 0.3. இதைவிட மெல்லிய பேனா வேண்டாம், சுருங்கியதும் கோடு உடைந்துவிடும். ராத்திரி வானத்தைக் கறுப்பாக அப்பாதீர்கள், பழைய மெஷினில் பெரிய கறுப்புப் பரப்பு திட்டுத்திட்டாக விழும். குறுக்குக்கோடுகள் போடுங்கள், கோட்டுக்குக் கோடு 2 மி.மீ. இடைவெளி, நெருக்கினால் சுருங்கும்போது ஒட்டிக்கொள்ளும். பேயைச் சுற்றி ஒரு மி.மீ. வெறுமையாக விட்டுக் கோடுகளை நிறுத்துங்கள்.

இன்னொரு ஆபத்து, வசனம் எழுதும் பலூன். பலூனும் வெள்ளை, பேயும் வெள்ளை, இரண்டும் உரசினால் பேய்க்குத் தலையில் வீக்கம் வந்தது போலிருக்கும். நடுவில் பின்னணிக் கோடுகள் ஓடுமாறு இடம் விடுங்கள். எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பலூன் போட்டு, மிஞ்சிய இடத்தில் படம் வரைவதுதான் முறை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரம். நமக்கு மேலே சுழி, கீழே வால். ஏ4இல் எழுத்து 5 மி.மீ. உயரம், வரிக்கு வரி 9 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஏ5இல் படிக்கலாம். ஒரு பலூனில் ஏழெட்டுச் சொல் போதும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும், 'போறேன்' என்றே எழுதுங்கள்.

காஸ்பர் பெயரை வைக்க வேண்டாம். பெயரும் உருவமும் இன்று என்பிசி யுனிவர்சல் குழுமத்தின் கையில் இருக்கின்றன. ஆனால் உருண்டைத் தலை வெள்ளைப் பேய் வரையத் தயங்க வேண்டாம். 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' சினிமாவின் சின்னத்தில் இருப்பது தங்கள் முரட்டுப் பேய்களில் ஒன்று என்று ஹார்வி வழக்குப் போட்டுத் தோற்றது. பழைய இதழ்களின் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள், தவிர கார்ட்டூன் பேயை வரைய இருக்கிற வழிகளே கொஞ்சம் என்று 1986இல் நீதிமன்றம் சொன்னது. அதைவிட, வெள்ளைப் போர்வைப் பேய் ஐரோப்பியப் பிணத்துணியிலிருந்து வந்தது, நமக்கு அது தேவையா என்றும் யோசியுங்கள். கால் தரையில் பாவாத, தலைவிரித்த பேய் நம்முடையது. கறுப்புத் தலைமுடி ஜெராக்ஸிலும் தப்பிக்கும். பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரைச் சுந்தரர் "பேயார்க்கும் அடியேன்" என்று மரியாதை விகுதி போட்டுப் பாடிய மொழி இது. சாதுப் பேய் நமக்கு ஒன்றும் இறக்குமதிச் சரக்கு இல்லை.

படிக்க வேண்டுமானால், மெல்வின் 2009இலிருந்து 2011க்குள் மூன்று கெட்டி அட்டைத் தொகுதிகளாக டிரான் அண்ட் குவார்ட்டர்லி வெளியீடாக வந்திருக்கிறது. காஸ்பருக்கு டார்க் ஹார்ஸ் 2007இல் போட்ட பெரிய தொகுதி இருக்கிறது. அதில் பெரும்பாலான பக்கங்கள் கறுப்பு வெள்ளைதான். வண்ணம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், நிறமே இல்லாமல் தடித்த கோடு மட்டும் ஒரு வெள்ளைப் பேயை எப்படித் தாங்குகிறது என்று உங்கள் பிள்ளைகள் அதில்தான் பார்க்க முடியும்.