ஐசி நகலும் ஓயாத அழைப்புகளும்

கேள்வி: உறுப்பினர் அட்டைக்காக ஒரு கடையில் ஐசி (மலேசிய அடையாள அட்டை) நகல் கொடுத்தேன். அப்புறம் வாரம் நான்கு விளம்பர அழைப்பு, நிறுத்தச் சொன்னாலும் கேட்பதில்லை. சட்டம் துணை நிற்குமா?
— வாசகி, செந்தூல்

பதில்: நிற்கும் சகோதரி. ஆனால் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவுப்படி, உங்கள் விவரத்தை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்து மூலம் கேட்கலாம். தேதி போட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் அப்புறமும் நிறுத்தாவிட்டால் அந்தப் பிரதியோடு தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போங்கள். 2024 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை, முன்பு 3 லட்சம்தான். தரவு கசிந்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் 2025 ஜூன் முதல் கட்டாயம். ஆனால் மத்திய, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஐசி எண்ணிலேயே பிறந்த தேதியும் பிறந்த மாநிலமும் இருக்கிறதே! இனி நகல் கொடுத்தால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, "உறுப்பினர் அட்டைக்கு மட்டும்" என்று படத்தின் மேல் படும்படி எழுதிக் கொடுங்கள்.