தைப்பூசக் காவடிக்குப் போக மை போட்டாலே கண் எரிகிறது, என்ன செய்யலாம்?

மொரீஷியஸில் தைப்பூசம் வருவதே ஜனவரி, பிப்ரவரி வெயிலில். கோயிலுக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் வியர்வையோடு மையும் கண்ணுக்குள் இறங்கிவிடும். தண்ணீரில் கரையாத வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா (இமைமுடிக்குப் போடும் மை) வாங்கினால் தீரும் என்று நினைக்காதீர்கள். அதை எடுக்கத் தேய்க்கிற தேய்ப்பிலேயே இமை சிவந்துவிடும். 'டியூபிங்' மஸ்காரா என்று கேட்டு வாங்குங்கள். வியர்வைக்குத் தாங்கும், ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல இழுத்தால் குட்டிக் குட்டிக் குழாய்களாகக் கழன்று வரும்.

பென்சில் மையை இமைமுடிக்கு வெளியே மட்டும் தீட்டுங்கள். உள்விளிம்பில்தான் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் இருக்கிறது, மை அதை அடைத்துவிடும். லேபிள் இல்லாத சுர்மா (கண்ணுக்கு இடும் மைப்பொடி) வேண்டவே வேண்டாம், சிலவற்றில் ஈயம் உண்டு.

மையைத் துடைக்க, வாசனை சேர்க்காத மைசெல்லர் தண்ணீர் (மேக்கப் கலைக்கும் திரவம்) போதும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். நனைத்த பஞ்சை மூடிய கண்மேல் பத்து விநாடி வைத்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பு. அப்புறம் தண்ணீரில் கழுவுங்கள், பாட்டிலில் 'கழுவத் தேவையில்லை' என்று போட்டிருந்தாலும் சரி.