‘ட்வைலைட்’ நாவலைச் சிலர் கொண்டாடுவதும் சிலர் வெறுப்பதும் ஏன்?

2005இல் வெளிவந்த ‘ட்வைலைட்’ நாவலில் வாசகர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சண்டை பெரும்பாலும் நாயகன் எட்வர்டைப் பற்றியதுதான். 1901இல் பிறந்து, 1918 முதல் பதினேழு வயதிலேயே நிற்கும் இரத்தக்காட்டேரி அவன். அவன் காதலிக்கும் நாயகி பெல்லா உறங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கிருஷ்ணகிரியில் தோழியிடம் நான் இரவல் வாங்கிய பிரதியில், அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஓர் இதயம். கீழே வேறு கையெழுத்தில், ‘இது காதலா, காவலா?’

இரத்தவெறியை அடக்கிக்கொண்டு அருகில் நிற்பதைத் தியாகமாகக் காண்பவர்கள் உருகுகிறார்கள். கேட்காமல் நுழைந்ததைக் காண்பவர்கள் கொதிக்கிறார்கள். நான் இரண்டாம் கட்சி. ‘பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும்’ என்று கேட்டே வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி இனிக்கவில்லை. ஆனால் புதிய ஊரில் பெல்லா படும் தனிமை உண்மையானது. அதற்காகவே கடைசிப் பக்கம்வரை படித்தேன்.