எஃப் விசாவோடு முதியோர் இல்ல வேலை

வணக்கம் தங்கச்சி. நேர்முகம் நல்லபடி முடிந்தும், உங்கள் எஃப் விசாவை (சுவிஸில் தற்காலிகமாகத் தங்க விடப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் அட்டை) கண்டதும் "அனுமதி எடுக்க மாதக்கணக்காகும்" என்று அந்த முதியோர் இல்லம் கைவிரித்ததாக எழுதியிருந்தீர்கள். அது பழைய நடைமுறை. 2019 ஜனவரியிலிருந்து சுவிஸில் எஃப் விசாக்காரருக்கு வேலை அனுமதி தேவையில்லை. முதலாளி மாநில அலுவலகத்துக்கு ஒரு படிவத்தில் அறிவித்தால் போதும், கட்டணம் கிடையாது, அறிவித்த கையோடு வேலை தொடங்கலாம். எஃப் விசாக்காரரின் சம்பளத்தில் சிறப்பு வரியாகப் பிடித்த 10 வீதமும் 2018இல் நீக்கப்பட்டுவிட்டது. எஃப் என்றால் நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பல முதலாளிமார் வீணாகப் பயப்படுகிறார்கள். அந்தப் படிவத்தை நீங்களே அச்செடுத்துக்கொண்டு திரும்பப் போய்க் கதையுங்கள்.

உணவகக் குசினி வேலைக்கே போகட்டோ என்று கேட்டிருந்தீர்கள். கையில் காசில்லை என்றால் போங்கள், ஆனால் டொச் (ஜெர்மன் மொழி) வகுப்பை மட்டும் விடாதீர்கள். எங்கள் சனத்தில் படித்த எத்தனை பேர் குசினிக்குள் போய், களைப்பில் மொழியை விட்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள்! எனக்கு அது இன்றைக்கும் மனவருத்தம்.

ஊரில் எடுத்த தாதியர் சான்றிதழை அங்கீகரிப்பது சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம். அதற்கு பி2 அளவு, அதாவது ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் அளவு, மொழி வேண்டும், காலம் எடுக்கும். அதுவரை அதே சங்கத்தின் பராமரிப்பு உதவியாளர் பயிற்சியைச் செய்யலாம். குறுகிய படிப்புத்தான், முதியோர் இல்லங்கள் அதை மதிக்கின்றன. வகுப்புச் செலவை சோசியலில் (சமூக உதவி அலுவலகத்தில்) கேளுங்கள். ஓர் ஆளின் ஒருங்கிணைப்புக்கென்று மத்திய அரசு மாநிலத்துக்கு ஒரு தடவை ஏறத்தாழ 18,000 பிராங்க் கொடுக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எந்த மாநிலம் என்று எழுதினால் எந்த அலுவலகம் என்று சொல்கிறேன்.