ப்ராக்டிஸ்ல சரியா விழுற ஷார்ட் சர்வ் மேட்ச்ல மட்டும் ஏன் நெட்ல முட்டுது?

பேட்மிண்டன்ல நெட்ட ஒட்டித் தாண்டி முன்னாடியே விழுற ஷார்ட் சர்வ தனியா போட்டுப் பழகும்போது எல்லாம் சரியா விழுது, மேட்ச்ல சொதப்புது, டென்ஷன்தான் காரணமான்னு கேட்டிருக்கீங்க. டென்ஷன் இருக்கும், இல்லைங்கல. ஆனா சாயங்காலம் ஏரியா கோர்ட்ல பசங்களுக்கு ஷட்டில் போட்டுக் குடுக்குற ஆளா சொல்றேன், முக்கால்வாசி கோளாறு பழகுற விதத்துலதான்.

ஒரே சர்வ வரிசையா அடிச்சுட்டே இருந்தா முதல் ரெண்டு மூணு தடவைதான் மூளை வேலை பாக்குது, எவ்ளோ வேகம், ராக்கெட் எந்தக் கோணம்னு ஞாபகத்துல இருந்து தேடி எடுக்குது, அதுக்கப்புறம் எல்லாம் காப்பி பேஸ்ட். மேட்ச்ல ஒரு ராலி ஓடி, மூச்சு வாங்கி, போன பாயிண்ட நெனச்சு புலம்பிட்டு வந்து நிக்கிறப்போ புதுசா தேடணும். அந்தத் தேடுற வேலையத்தான் நீங்க பழகவே இல்லையே!

1986-ல கூட், மேகில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இத பேட்மிண்டன்லயே சோதிச்சுப் பாத்தாங்க. ஷார்ட், பின்னாடி தூக்கிப் போடுற லாங், தட்டையா வேகமா போற டிரைவ்னு மூணு சர்வ், ஒரு குரூப்புக்கு ஒவ்வொண்ணா தனித்தனியா, இன்னொரு குரூப்புக்கு கலந்து கட்டி. பின்னாடி வச்ச டெஸ்ட்ல கலந்து பழகினவங்கதான் முந்தினாங்க, அதுலயும் பழகாத எதிர்ப்பக்க கோர்ட்ல நின்னு அடிக்கச் சொன்னப்போ வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. 1994-ல காலேஜ் பேஸ்பால் பசங்ககிட்டயும் இதே கதை, மூணு வகை பந்த கலந்து அடிச்சவங்க 57 சதவீதம் முன்னேற, வகை வகையா பிரிச்சு அடிச்சவங்க 25 சதவீதம்தான்.

சர்வ் மட்டுமில்ல. நான் பேக்ஹேண்ட் பக்கமே போட்டுட்டு இருந்தா, ஷட்டில் என் கைய விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே பையனோட கட்டைவிரல் கிரிப்ல திரும்பிடும், காலும் நகர்ந்துடும். பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அவன் எதையும் பாத்து அடிக்கல, தெரிஞ்சத அடிக்கிறான். நல்ல ஆட்டக்காரங்க எதிராளியோட ராக்கெட்டோட சேத்து கை அசைவையும் பாத்து ஷட்டில் எங்க வரும்னு முன்கூட்டியே கணிக்கிறாங்க, புதுசா ஆடுறவங்களுக்கு ராக்கெட் மட்டும்தான் கண்ணுல படுதுன்னு 1980-கள்ல அபர்னெதிங்கிற ஆராய்ச்சியாளர் ஆட்டப் படத்த பாதில நிறுத்தியும், ராக்கெட், கைன்னு ஒவ்வொண்ணா மறைச்சும் காட்டி கண்டுபிடிச்சார். அந்தக் கண்ணு ஒரே பக்கம் ஃபீட் பண்ணா எப்படி வரும்?

ஒண்ணு மட்டும், கிரிப்பே இன்னும் சரியா பிடிக்கத் தெரியாதவங்களுக்கு இப்படிக் கலந்து குடுக்காதீங்க, அவங்க கொஞ்ச நாள் ஒரே சர்வயே போடட்டும். உங்களுக்குத்தான் ஏற்கனவே விழுதே, அதனால ஒரு ஷார்ட், அடுத்தது ஃப்ளிக் (ஷார்ட் மாதிரியே காட்டி கடைசில மணிக்கட்ட சுண்டிப் பின்னாடி தூக்குறது), பக்கம் மாத்தி ஒண்ணு, நடுவுல கோர்ட்ட ஒரு சுத்து ஓடிட்டு வந்து மறுபடி ஷார்ட்னு போடுங்க. முதல்ல கேவலமாத்தான் போகும். எங்க கோர்ட்லயே இத ஆரம்பிச்சா ரெண்டாவது நாளே ஒரு அப்பா வந்து "போன வாரம் நல்லா அடிச்சானே சார்"னு கேப்பாரு. ரெண்டு மூணு வாரம் போகட்டும், அப்புறம் மேட்ச்ல மட்டும் கணக்கு வச்சுப் பாருங்க.