சிறுவயதில் பட்டதை நினைத்தால் யாருக்கோ நடந்ததுபோல் இருக்கிறது. ஓவியத்தில் அதை எப்படிக் கொண்டுவருவது?

2009இல் உங்களுக்கு ஏழு வயது, இறுதி யுத்தத்தில் முல்லைத்தீவு மாத்தளனில் நடந்ததை நினைத்தால் அழுகையும் வராது, பயமும் வராது, வேறு ஒரு பிள்ளைக்கு நடந்ததை மேலிருந்து பார்த்ததுபோல் இருக்கும், வரையக் குந்தினால் கை ஓடாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் வட்டக்கச்சி ஆள். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நாங்களும் அதே வழியால்தான் இடம்பெயர்ந்து போனோம். இப்போது சித்திரம் படிப்பிக்கிறேன். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் கல்நெஞ்சு இல்லை. ஓடவும் ஏலாது, எதிர்க்கவும் ஏலாது என்ற இடத்தில் மாட்டுப்பட்ட பிள்ளையின் மனம், உடம்பை அங்கேயே விட்டுவிட்டு விலகி நிற்கும். அந்த நேரத்தில் அதுதான் பிள்ளையைக் காப்பாற்றியது. செல்லடி நின்ற பிறகும் மனம் அந்தப் பழக்கத்தை விடாததுதான் கரைச்சல். 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் (PTSD) ஒரு உபவகையாகவே இந்த விலகலைச் சேர்த்திருக்கிறார்கள்.

'உணர்ச்சியைக் கொட்டி வரை' என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். கைக்கு எட்டாததை எப்படிக் கொட்டுவது? உங்களிடம் இருப்பது அந்த மேலிருந்து பார்க்கும் பார்வை. அதையே கீறுங்கள். தறப்பாளுக்கு மேலே நின்று பார்த்தால் அந்தப் பிள்ளை எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது, தாளில் எந்த மூலையில் இருக்கிறது என்று.

பதின்ம வயதில் நான் கீறிய ஒரு பங்கர் வாசல் இன்னும் இருக்கிறது. பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. உரப்பை முடிந்த பிறகு சீலைகளை வெட்டித்தானே பை தைத்தோம். அம்மாவின் கூறைச்சீலைக் கரை, சரிகை, தையல் விட்ட இடத்தால் மண் ஒழுகுவது எல்லாம் ஒன்றுவிடாமல் வந்திருக்கிறது. உள்ளே இருந்த ஒருவருக்கும் முகம் இல்லை. அம்மம்மா பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, எங்களை வெறுமையா விட்டிட்டாய்?" என்று கேட்டா. "தெரியேல்லை அம்மம்மா." "அப்ப இருக்கட்டும், வரேக்க கீறு" என்றிட்டுப் போயிட்டா. எந்தச் சித்திர வாத்தியாராக இருந்தாலும் முகத்தைப் போடச் சொல்லியிருப்பார். பயத்தில் கண் ஒரு சின்னப் பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் விட்டுவிடும். உங்களுக்கும் அப்படி ஒரு பொருள் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறியவற்றைக் கொண்டு 2011இல் ஒரு நூல் செய்தார். கிணறு எங்கே, குசினி எங்கே என்று கீறுவதற்கு யாரும் அழவேண்டியதில்லை. கை ஓடாத நாளில் நீங்களும் அதைச் செய்துபார்க்கலாம்.

என்னைக் கேட்டால் பென்சிலைவிடக் களிமண் நல்லது. குளத்துக் களி கையில் குளிரும், நகத்துக்குள் போகும், பிசையப் பலம் வேண்டும். விலகிப்போகிற ஆளை அது உடம்புக்குள் இழுத்துவரும். துணியும் ஊசியும்கூட அப்படித்தான்.

கை உங்கள் கை இல்லாததுபோல் ஆனாலோ, நேரம் போனதே தெரியாமல் முழித்தாலோ உடனே நிறுத்துங்கள். காலை நிலத்தில் அழுத்தி, முகம் கழுவி, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் தனியாக வேண்டாம். யுத்தம் முடிந்த மே மாதத்தில், எல்லா ஃபோனிலும் அந்தப் படங்களே ஓடும்போது, வேண்டவே வேண்டாம். கண்காட்சிக்கு என்று யாராவது கேட்டு வந்தால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை.

நித்திரையில்லாமல் கிழமைக்கணக்கில் இழுத்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். வைத்தியரிடம் போகும்போது கீறியதையும் கொண்டுபோங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் வாயால் சொல்ல வராது.