வார்டு கேள்விகள், சிஸ்டர் பதில்கள்

கேள்வி: நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது சிஸ்டர். ஒரு ஷிஃப்டுக்கு எட்டு நோயாளிகள். உதவியாளரிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பதில்: குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, யூரின் அளவு குறிப்பது, நிலையாக இருப்பவரின் பி.பி., பல்ஸ் பார்ப்பது எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். நோயாளியின் நிலையைக் கணிப்பது, அவருக்குச் சொல்லிக்கொடுப்பது, கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று பார்ப்பது, இவை உங்களுடையவை. ஒரே வேலைகூட ஆளுக்கு ஆள் மாறும். நாலு நாளாக நடப்பவரை உதவியாளர் கூட்டிப் போகட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறை எழுபவரோடு நீங்களே போங்கள். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் (பி.பி.யின் முதல் எண்) 20 இறங்கினால் தலைசுற்றி விழக்கூடும்.

ஆனால் பட்டியல் தெரிந்தால் மட்டும் போதாதம்மா. என் முதல் வருடத்தில், "மூணாம் பெட்டுக்கு பி.பி. பாத்துடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்த அக்கா பார்த்தார். 88/50 என்று சார்ட்டில் அழகாக எழுதியும் வைத்தார். நான் சார்ட்டைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஓடிப்போய்க் கையைத் தொட்டால் ஜில்லென்று வியர்த்திருந்தது. அன்று காலைதான் வயிற்றில் ஆபரேஷன்; உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

எல்லோரும் அந்த அக்காவைத் திட்டினார்கள். தப்பு என்னுடையது. அன்றே ஆபரேஷன் ஆனவரை நானே பார்த்திருக்க வேண்டும். யாரிடம் கொடுத்தாலும், "மேல் அழுத்தம் 100-க்குக் கீழே போனாலோ பல்ஸ் 100-ஐத் தாண்டினாலோ, எழுதுவதற்கு முன்னால் என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று அளவோடு சொல்லியிருக்க வேண்டும். நான் அதைச் சொல்லவே இல்லை.

கேள்வி: ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நின்றால் மற்ற வேலை கிடக்கிறதே?

பதில்: கிடக்கட்டும். கடுமையான எதிர்விளைவு பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே ரத்தத்தை நிறுத்தி, டியூபை மாற்றி சலைன் ஓடவிட்டு, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இன்சுலின் பேனா பற்றிப் பொறுமையாகச் சொல்லித்தருகிறேன். "புரிஞ்சுது" என்கிறார்கள். வீட்டுக்குப் போனால் சுகர் குறைவதில்லை. ஏன்?

பதில்: "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாருமே "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். நோயாளிக்கு நம் நேரத்தை வீணாக்குகிறோமோ என்று கூச்சம். "நாளைக்கு வீட்டுல எப்படிப் போட்டுக்குவீங்க, எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு வாரமாகச் சுகர் இறங்காத ஒரு பெரியவரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். அளவைச் சரியாகத் திருகினார், வயிற்றில் வைத்து அழுத்தினார், பத்து எண்ணினார். எடுத்தபோது தோலெல்லாம் ஈரம். ஊசியின் வெளிமூடியைக் கழற்றியிருந்தார். உள்ளே இருக்கும் சின்ன மூடி அப்படியே இருந்தது. அதற்கு முன் சொல்லிக்கொடுத்தவர் இரண்டையும் ஒரே இழுப்பில் கழற்றிக் காட்டியிருக்கிறார். நான் புது ஊசி ஒன்றை எடுத்து, உள்மூடியைத் தனியாகக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.